பிளம்பர் வீட்டு முயல் குப்பை

வாஷர் என்றால் அந்தக் குடியிருப்பில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மூன்றாம் மாடியில் இருக்கும் பிளம்பர். சட்டைப் பையில், கால்சட்டைப் பையில், சில நாள் விரலில் மோதிரம் மாதிரிகூட ரப்பர் வாஷர் வைத்திருப்பார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஒழுகுகிற எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் மெல்ல எழுந்து சமையலறைக்குள் போய்ச் சொட்டுகிற குழாயை இறுக்கிவிட்டு வந்து, மறுபடியும் சோகமாக உட்கார்ந்துகொண்டார். என்ன சொல்ல! மனுஷன் அப்படி.

வீட்டில் மூன்று பேர். அவர், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, அப்புறம் அக்கா. அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசை முன்னால் நாளெல்லாம் நின்று நின்று, முட்டி இரண்டும் தேய்ந்து நடக்க முடியாமல் போனபோது, தம்பி போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று மாடி ஏறி வந்தவள் அதற்குப் பிறகு இறங்கவில்லை. அது வேண்டும் இது வேண்டும் என்று வாய் திறந்ததும் இல்லை. டீ ஆறிப்போயிருந்தால் ஆறினதையே குடிப்பாள். “எங்க அக்காவுக்கு ஒண்ணுமே தேவையில்ல” என்று வாஷர் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அசட்டு மனுஷன், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீடு காலி செய்துகொண்டு போன ஒரு வாடிக்கையாளர் தன் முயலைக் கூண்டோடு வாஷர் தலையில் கட்டிவிட்டார். வெள்ளை முயல், ஒரு காது மட்டும் சாம்பல். அது உட்காரும் மிதப்பைப் பார்த்து அக்கா துரை என்று பெயர் வைத்தாள். துரை வந்த பிறகுதான் பகலில் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்டது. “துரைக்கு இன்னைக்கு என்ன கோவம்? புல்லு பழசா? இரு இரு, பொறுக்கிப் போடறேன்” என்று அக்கா பேசிக்கொண்டே இருப்பாள். எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் பயந்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

ஒரு நாள் காலையில் தரைத்தளத்துக் கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வந்துவிட்டது. அந்த வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். குடியிருப்புச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வந்ததும் வராததுமாக அவளைப் பிடித்துக்கொண்டார்.

“குழந்தை டயப்பரைப் போட்டுத் தண்ணி விட்டிருப்பே. வேற என்ன?”

“நான் போடல சார். ஒரு தடவைகூடப் போட்டதில்ல” என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள்.

வாஷர் ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தார். டயப்பர் வரவில்லை. கஞ்சி மாதிரி ஊதிப்போன மரத்தூள் வந்தது. அதன் நடுவே உருண்டை உருண்டையாகப் புழுக்கை. வாஷர் முகத்தில் ஈயாடவில்லை. முயல் கூண்டின் அடியில் பரப்ப அவர்தான் மாதாமாதம் மரத்தூளை அழுத்திச் செய்த குருணையை மூட்டையாக வாங்கி வருவார். ஒரு பிடி குருணை தண்ணீரைக் குடித்தால் மூன்று பிடியாக ஊதும் என்று அவருக்குத் தெரியாதா? பிளம்பர் வீட்டுக் குப்பையே பிளம்பர் பார்க்கும் குழாயை அடைத்திருக்கிறது. மானம் கப்பலேறிவிட்டது.

“அந்தப் பொண்ண விடுங்க சார். இது எங்க வீட்டு முயல் வேலை” என்றார்.

செயலாளர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை உங்க முயலைப் பத்தி யாராவது வாயைத் தொறந்தாங்கன்னா, முயல் இங்க இருக்காது.”

வாஷர் படியேறி வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

“அக்கா! கக்கூஸ்லயா கொட்டினே? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

அக்கா அமைதியாகத்தான் சொன்னாள். “புல்லத் தின்னுது, புல்லாத்தானே போகுது, கரைஞ்சிரும்னு நெனச்சேன். மொதல்ல பையில கட்டி வாசல்ல வச்சேன். நாத்தம் வருதுன்னு உன் பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்கிட்டா. பாவம், அவளும் வேலைக்குப் போயிட்டு அலுத்து வர்றவ. கீழ கொண்டு போக எனக்குக் கால் இல்ல. உன்கிட்ட தினம் தூக்கிட்டுப் போடான்னு சொல்லவா? நானும் ஒரு பாரம், என் முயலும் ஒரு பாரமா? இத்தன மாசம் அது தின்னுது, தின்னது எங்கடா போகுதுன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?”

வாஷருக்குச் சுருக்கென்றது. போய்க் கை கழுவினார், ஏற்கெனவே கழுவிய கையை.

அன்று சாயங்காலமே மனைவி, மருந்து வாங்க வந்த ஒரு தோட்டக்காரரிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். காய்ந்த புழுக்கையை அப்படியே தொட்டி மண்ணில் போடலாமாம். மாட்டுச் சாணம் மாதிரி மக்கவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மூத்திரத்தில் ஊறிய மரத்தூளையும் புல்லையும்தான் ஒரு டிரம்மில் போட்டு மக்கவைக்க வேண்டும். “நாலு மாசத்துல உரமாயிடுமாம். குப்பை வண்டிக்கும் வேணாம், குழாய்க்கும் வேணாம்” என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, “அண்ணி, நான் மூக்கைப் பொத்தினது அந்தப் பையப் பாத்துதான். உங்களப் பாத்தில்ல” என்றாள்.

வாஷர் ஒரு கை பார்க்கக் கிளம்பிவிட்டார். பால்கனியில் ஒரு நீல டிரம். மூடிக்கு ரப்பர் வளையம், அதன்மேல் சிலிக்கான் பசை, சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் கம்பி. தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துச் சோதித்தார். சொட்டுக்கூட வரவில்லை. “நாத்தம் எப்படி வெளிய வருதுன்னு நானும் பாக்கறேன்” என்று மார்தட்டிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் வந்தது பாருங்கள் ஒரு நாற்றம்! அக்கா தினமும் மூடியைத் திறந்துதானே கூண்டுக் குப்பையைப் போட வேண்டும்? திறக்கிற ஒவ்வொரு முறையும் மேல்மாடி, கீழ்மாடி, எதிர்வீடு என்று ஒரு வீடு பாக்கியில்லாமல் ஜன்னலைச் சாத்தியது. செயலாளர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து வாசலில் நின்றார். வர்ற ஞாயிற்றுக்கிழமைக்குள் முயல் போயாக வேண்டும், நானே நேரில் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. கூண்டுக்குள் கையை விட்டுத் துரையின் முதுகைத் தடவியபடி, “யாராவது நல்லவங்களாப் பாத்துக் குடுத்துடுடா” என்றாள். வாஷரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. துரையும் போய்விட்டால் பகல் முழுக்க அக்கா யாரோடு பேசுவாள்? தான் காலையில் போய்ச் சாயங்காலம் வருகிறவன். இந்த வீட்டில் அக்காவுக்கென்று இருப்பது அந்த ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

டிரம்மைத் திறந்தார். உள்ளே கறுப்பாக, சொதசொதவென்று, நாறிக் கிடக்கும் சேறு. அவர் பார்க்காத சாக்கடையா? ஆனாலும் பின்வாங்கினார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏண்டா, இதுக்குள்ள காத்து எந்த வழியாப் போகும்?”

“போகாதுக்கா. போக விடாமத்தானே செஞ்சிருக்கேன்.”

“அதான் அழுகிக் கிடக்கு. ஈரத் துணிய மடிச்சுப் பெட்டியில வச்சாலும் இப்படித்தான் நாறும். தொழிற்சாலையில எத்தன கட்டு பாத்திருக்கேன்.”

வாஷர் டிரில்லிங் மிஷினை எடுத்து டிரம்மின் மேல் வைத்தார். கை ஓடவில்லை. வாழ்நாளெல்லாம் ஓட்டையை அடைத்தவர். ஒழுகாத ஒரு பொருளில் தன் கையால் ஓட்டை போட்டதே இல்லை. “அடப் போடுங்க, அது என்ன உங்க தலையா?” என்று மனைவி பின்னாலிருந்து அதட்டிய பிறகுதான் முதல் ஓட்டை விழுந்தது. அப்புறம் நிற்கவில்லை. வேலையில் மிஞ்சிய குழாய்த் துண்டு ஒன்றில் உடம்பெல்லாம் துளை போட்டு டிரம்மின் நடுவில் நட்டார், நடுவயிற்றுக்கும் காற்று போகட்டும் என்று. சேற்றை வாளி வாளியாகக் கீழே சுமந்து, பின்பக்க மண்ணில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தார். டிரம்மில் ஒரு அடுக்கு கூண்டுக் குப்பை, அதைப்போல இரண்டு பங்கு காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் என்று அக்கா புதிதாக ஆரம்பித்தாள். பிழிந்த துணி அளவு ஈரம், அதற்கு மேல் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட்டாள். காய்ந்த புழுக்கை தனியாக ஒரு டப்பாவில் சேர்ந்து, மனைவியின் பூந்தொட்டிகளுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வந்தார். பால்கனியில் நின்று மூக்கை உறிஞ்சினார். இன்னொரு முறை உறிஞ்சினார்.

“எங்கய்யா அந்த டிரம்? தூக்கிப் போட்டாச்சா?”

“நீங்க கைய ஊணிட்டு நிக்கறீங்களே சார், அதுதான்.”

செயலாளர் வெடுக்கென்று கையை எடுத்தார். குனிந்து மோந்தார். மழை நின்ற தோட்டத்து மண் வாசனைதான் வந்தது. “ம்... சரி. இப்படியே இருக்கட்டும்” என்று முணுமுணுத்துவிட்டு, அந்தத் துளைக் குழாயைப் பற்றி நாலு கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

வாஷருக்கு உயிர் வந்தது. பால்கனியில் கூண்டருகே தரையில் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். துரை எதுவும் நடக்காதது மாதிரி புல்லை மென்றுகொண்டிருந்தது.

“டேய், காஞ்ச இலை தீரப் போகுது” என்றாள் அக்கா. “நாளைக்கு வரும்போது ஒரு மூட்டை அள்ளிட்டு வா. ஈர இலையக் கொண்டு வந்து நிக்காத, சொல்லிட்டேன்.”

வாஷர் அக்காவையே பார்த்தார். இது வேண்டும் என்று அக்கா இதுவரை அவரிடம் கேட்டதே இல்லை. சந்தோஷம் தாங்காமல், “சரிக்கா. வேற என்ன வேணும்? சொல்லு” என்றார்.

“வேற ஒண்ணும் வேணாம்.” துரையின் காதை நீவினாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், “முடிஞ்சா இங்க ஒரு நாற்காலி போடேன். தரையில உக்காந்து எந்திரிக்கும்போது முட்டி உயிரே போகுது” என்றாள்.

“எத்தன நாளாக்கா?”

“நான் வந்ததுலேருந்துதான்.”

வாஷரின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து கூடத்துக்குப் போனார். தான் தினமும் சாய்ந்துகொண்டு டீ குடிக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பால்கனியில் போட்டார். “இது உன்னோடதுடா” என்றாள் அக்கா. அவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, அதில் உட்கார வைத்தார்.