கஞ்சி போடாத கதவு

நான் செய்த முதல் கதவு மாமாவைக் குளியலறைக்குள் அடைத்து வைத்துவிட்டது. ஆரணியில் எங்கள் தெரு இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாமா என்பது என் கணவரின் அண்ணன். அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில்தான் என் வேலை. அரிசி ஆலைகளில் கழித்துப் போடும் சணல் சாக்குகளைப் பிரித்து, அச்சில் அடுக்கி, ரெசின் பசை ஊற்றி அழுத்திக் கதவாக்குகிறேன். மரமும் இல்லை, முழு பிளாஸ்டிக்கும் இல்லை. முதல் கதவை நம்பிக்கையோடு அவர் குளியலறைக்கே மாட்டினேன். ஐப்பசி மழை பிடித்ததும் அது ஊதி, நிலையோடு இறுகிவிட்டது. அன்று பார்த்துத்தான் அவர் மகளைப் பெண் பார்க்கச் சேத்துப்பட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா இடுப்பில் துண்டோடு உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் கடப்பாரையால் நெம்பி அவரை வெளியே எடுத்தார்.

"இன்னாம்மா கதவு இது, மானமே போச்சு. பொங்கலுக்குள்ள ஷெட்ட காலி பண்ணிடு. நான் விசைத்தறி போடப் போறேன்" என்றார் மாமா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி அவர் மேல், பாதி அந்தக் கதவின் மேல். கழற்றிய கதவை ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். சணலும் ரெசினும் ஒட்டாமல் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன. நடுவில் கறுப்புப் பூசணம். முகர்ந்து பார்த்தால் புளித்த கஞ்சி வாடை.

அப்போதுதான் உறைத்தது. நான் நெசவு வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் பட்டுப் பாவு நூலைத் தெருவில் நீட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கின பிறகுதான் தறிக்கு ஏற்றுவோம். சாக்கும் அச்சில் சுருங்காமல் படுக்கட்டும் என்று அதற்கும் கஞ்சி போட்டிருக்கிறேன். யோசித்துச் செய்ததில்லை, கைப்பழக்கம். தறியில் நூலைக் காப்பாற்றுகிற கஞ்சி இங்கே ரெசினை நாரோடு சேரவிடவில்லை. மாட்டும்போது அளவுக்கு அறுத்து அப்படியே விட்டிருந்த கீழ் விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறி, கஞ்சியில் தங்கி, பூசணத்துக்குச் சோறு போட்டிருக்கிறது.

"நாருன்னா அழுகத்தான் செய்யும், பேசாம பிளாஸ்டிக் கதவு மாட்டிக்கோ" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொன்னார்கள். அழுகும், எனக்குத் தெரியாதா? தண்ணீரில் ஊதும், வெயிலில் வெளுக்கும். எதனால், எவ்வளவு என்று பார்க்காமல் விட்டுவிட நான் தயாராக இல்லை. அழுகாத சாமான்தான் உசத்தி என்றால், எங்கள் ஊர்க் கமண்டல நாக நதியில் போய்ப் பார்க்கட்டும். வீசின பிளாஸ்டிக் எல்லாம் அங்கேதான் அழுகாமல் கிடக்கிறது.

அடுத்த கதவுக்குச் சாக்கைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, மழை விட்ட நேரமெல்லாம் சருகாகக் காயவைத்தேன். கஞ்சியைக் கிட்டேயே விடவில்லை. அறுத்த விளிம்புகளை ரெசின் பூசி அடைத்தேன். அறுத்ததில் மிஞ்சிய ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன், இன்னொன்றை மொட்டை மாடியில் வைத்தேன். ஊறியது கொஞ்சம் கனத்தது, பிரியவில்லை. மாடியில் கிடந்தது வெளுத்தது, அதனால் கதவுக்குப் பெயிண்டும் அடித்தேன்.

எங்கே மாட்டுவது? அதே குளியலறையில்தான். மாமா தேசூருக்குப் போயிருந்த அன்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"மாட்டும்மா. மறுபடி மாட்டிக்கினா உள்ளயே கெடக்கட்டும்" என்றார் அக்கா.

கார்த்திகை அடைமழை கொட்டித் தீர்த்தது. மாமா தினமும் முறைத்துக்கொண்டே குளிக்கப் போனார், முறைத்துக்கொண்டே வந்தார். கதவு ஒரு நாளும் இறுகவில்லை. மார்கழிக் கடைசியில் டேப்போடு ஷெட்டுக்குள் வந்து விசைத்தறிக்கு இடம் அளக்க ஆரம்பித்தார். நான் அச்சின் முன்னாலிருந்து நகரவில்லை.

அளந்துகொண்டே கேட்டார்: "கதவு தொறக்குது, சரி. எத்தினி வருஷம் தாங்கும்? அத்தச் சொல்லு."

வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம்.

"தெரியாது மாமா. ஒரு மழைதான் பாத்துகீது. மீதிய இங்க இருந்தாத்தான் தெரிஞ்சிக்க முடியும். தெரிஞ்சிக்காம நான் போவ மாட்டேன்."

மாமா டேப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"மாடி பாத்ரூமுக்கும் அளவெடுத்துக்கோ. கஞ்சி கிஞ்சி போட்ட, அப்புறம் இருக்குது உனக்கு."