வெறும் வயிற்றில் ஒரு மேடு

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்கும் இடத்து இட்லிக்கடையில் அந்த முட்டை வியாபாரியைத் தினமும் காலை ஏழரைக்குப் பார்ப்பேன். ஒடிசலான மனிதர். மின்சார ஸ்கூட்டரில் இருபது அட்டை முட்டை கட்டியிருப்பார். கடையில் வாய் மட்டும் கொப்பளிப்பார், சாப்பிடமாட்டார்.

"ரெண்டு இட்லி தின்னா வண்டி குடை சாஞ்சிருமாக்கும்?" என்று ஒருநாள் கடைக்காரம்மா கேலி செய்தார்.

"ஆள் கனம், அதான் மேடேறலைன்னு வண்டி வித்தவரே சொன்னாருங்க."

"உங்க கனம் இல்லீங்க, மோட்டாருக்குத்தான் சக்தி பத்தல," என்றேன்.

"மோட்டாரை மாத்த வழியில்லைங்க சாமி. முட்டையைக் குறைச்சா, மலைமேல கடைக்காரங்க வேன்காரன்கிட்ட போயிருவாங்க. குறைக்கறதுக்கு நான் ஒருத்தன்தானுங்க பாக்கி."

முதல் வளைவிலேயே வண்டி நின்றது. இறங்கித் தள்ளினார். சாப்பிடாத மனிதர் அத்தனை பாரத்தையும் எப்படித் தள்ளினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.