நாலு பேர் வந்த செத்தவீடு

இலங்கையில் போர் முடிந்துவிட்டதென்று செய்தியில் சொன்ன அந்தக் கோடையில்தான் நான் டென்மார்க்கில், சில்க்போர்க் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் மாட்டிக்கொண்டேன். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலைசெய்த டேனிஷ்காரி, என் டேனிஷ் நன்றாக வரும் என்று சொல்லி விடாப்பிடியாக இழுத்துப்போனாள். மாட்டேன் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. போனேன்.

கையில் தந்தது இந்நாட்டு எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைகள். எல்லாமே இருட்டு. ஒரு கதையில், ஏரிக்கரை வீட்டில் தனியே இருந்த கிழவர் செத்துப்போகிறார். பதினொரு நாள் கழித்துத்தான் தபால்காரர் காண்கிறார். தேவாலயத்துக்கு வந்தது நாலே பேர். பாதிரியார் அவர் பெயரைச் சொல்கிறார், மண் போடுகிறார்கள், கோப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் அதை வாசித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது.

என் அண்ணா முள்ளிவாய்க்காலில், தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. அண்ணியும் பிள்ளையும் வவுனியா முகாமில் இருந்தார்கள். யாரிடமாவது கைபேசி கேட்டு வாங்கி அண்ணி எனக்கு அழைப்பு எடுப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி.

"தங்கச்சி, நான் பொட்டு வைக்கிறதோ விடுறதோ? இஞ்சை சனம் ஒரு மாதிரிப் பாக்குது. நீர் ஒண்டு சொல்லும்."

"பொறுங்கோ அண்ணி, விசாரிக்கிறன்" என்பேன். விசாரிக்க ஆளேது? தெரிந்த எல்லோரிடமும் கேட்டு ஓய்ந்துபோயிருந்தேன். செத்தவீடு செய்யவும் வழியில்லை, செய்யாமல் இருக்கவும் மனமில்லை.

வாசகர் வட்டத்தில் கேக் வெட்டிவிட்டு ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். தாங்க முடியாத கதை என்றாள் ஒருத்தி. நாலு பேர்தானா வந்தார்கள் என்று இன்னொருத்தி கண்ணைத் துடைத்தாள். என் முறை வந்தது.

"அந்தக் கிழவர் கொடுத்துவைத்தவர்" என்றேன்.

எனக்கு மொழி பிழைத்துவிட்டதென்று நினைத்து, கூட்டிவந்தவள் என்னைப் பரிவோடு திருத்தினாள். நானும் தலையாட்டிவிட்டுக் கேக்கைச் சாப்பிட்டேன். விளங்கப்படுத்த அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, அண்ணி எடுத்தாள். அதே கேள்வி. எனக்குக் களைத்துப்போயிருந்தது.

"வையுங்கோ அண்ணி."

"அப்ப... அவர் இருக்கிறாரோ? தகவல் ஏதும் வந்ததோ?"

எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவள் குரலில் உயிர் வந்திருந்தது. அதை உடைக்க எனக்குத் தைரியமில்லை.

"ஓம்" என்றேன்.

அண்ணி இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள்.