டில்லிக்குப் போகாத வருஷம்

“அளவு ரவிக்கை கொண்ணாந்தீங்களா டீச்சரம்மா?” என்று தையல்காரர் கேட்டார். தாம்பரம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் முகப்பில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அம்மா அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு பச்சைப் புடவையும் அதற்குத் தோதான ரவிக்கைத் துணியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அளவு ரவிக்கை இல்லை என்றாள். யாருக்கு என்று அவர் கேட்டார். தங்கைக்கு என்றாள். “உங்க ஒசரம் இருப்பாங்களா? குண்டா, ஒல்லியா? இன்னான்னு சொன்னா ஒரு மாதிரி தச்சுடலாம்” என்றார். அம்மா கையிலிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தாள். “இன்னாம்மா இது, கூடப் பொறந்த தங்கச்சி எப்படி இருப்பாங்கன்னு தெரியாதா?” என்று அவர் சிரித்தார். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அவளே தச்சுக்குவா” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணான நான் அவள் பின்னால் ஓடினேன். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் தயங்காத அம்மா அன்று பதில் தெரியாமல் நின்றதை முதன்முதலாகப் பார்த்தேன்.

உண்மையில் அம்மாவுக்குத் தெரியாதுதான். தன் தங்கையை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அம்மாவின் பெற்றோர் மாடம்பாக்கம் ஏரிக்குக் கீழே கூலி வேலை செய்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருஷம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு அவர்கள் கப்பலேறிவிட்டார்கள். அம்மாவைப் பல்லாவரம் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பெண்கள் விடுதியில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது அவளுக்கு ஏழு வயது. அதன் பிறகு அவர்கள் திரும்பி வரவில்லை. தங்கை அங்கேதான் பிறந்தாள். பெற்றோர் இருவரும் அங்கேயே ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் தோட்டத்துக் கோவில் உபதேசியார் கைப்பட ஒரு கடிதம் வரும். தங்கைக்கு எழுதத் தெரியாது. சுகம், சுகமறிய அவா என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது. அம்மா விடுதியிலேயே வளர்ந்து, ஆசிரியைப் பயிற்சி முடித்து, ஒரு தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். “நான் தர்மச் சோத்துல வளந்தவ” என்று அடிக்கடி சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இருக்காது. யாருமில்லாமல் தானாக எழுந்து நின்றவளின் மிடுக்குத்தான் இருக்கும். நாங்கள் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் அந்த வாக்கியம் வந்துவிடும்.

அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. கையில் காசு நிற்காத உத்தியோகம்தான், ஆனால் குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் போய்வர ஃப்ரீ பாஸ் உண்டு. “பாஸ் இருக்கற வரைக்கும்தான் நமக்கு இந்த நாடு. அதுக்குள்ள சுத்திப் பாத்துடணும்” என்பார். ஆனால் பாஸ் இருந்தால் போதுமா? போகிற இடத்தில் சாப்பிட, தங்கப் பணம் வேண்டாமா? அதனால் வேளாங்கண்ணியைத் தாண்டி நாங்கள் போனதில்லை. அறுபதுகளின் பின்பாதியில் ஒரு வருஷம் அம்மா கட்டிவந்த சீட்டு விழுந்தது. அந்தக் கோடையில் டில்லிக்கும் ஆக்ராவுக்கும் போவது என்று அப்பா முடிவு செய்தார். அண்ணன் பள்ளிக்கூட வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நாங்கள் போகப்போகும் பாதையைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். அந்தச் சமயத்தில்தான் இலங்கையிலிருந்து ஒரு கடிதம், கிறிஸ்துமஸ் இல்லாத மாதத்தில் வந்தது. அங்கே தோட்டங்களில் உள்ளவர்களில் பாதிப் பேரை இந்தியாவுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு, தங்களை எந்தப் பக்கம் தள்ளுவார்களோ தெரியவில்லை என்று எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா பேச்சை எடுத்தார். “டில்லின்னா சாப்பாட்டுச் செலவோட முடிஞ்சுது. சிலோன்னா ராமேஸ்வரத்தோட நம்ம பாஸ் தீந்துபோச்சு. அப்புறம் கப்பல் டிக்கெட், அந்தப் பக்கத்து ரயில், பாஸ்போர்ட்டு. சீட்டுப் பணம் மொத்தமும் போயிடும். ரெண்டுல ஒண்ணுதான் முடியும். எல்லாரும் சொல்லுங்க” என்றார். அண்ணன் உடனே டில்லி என்றான். நானும் டில்லி என்றேன். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, “பிள்ளைங்க ஆசைப்படறதையே பண்ணுங்க” என்றாள். அப்பா அவளை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். “நான் உன்னைக் கேக்கறேன் டீச்சர்” என்றார். அம்மா நிமிராமல், “அவளுக்கு முப்பது வயசாகப் போகுது. வழியில பாத்தாக்கூட எனக்கு அடையாளம் தெரியாது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார். “டில்லி எங்கயும் ஓடிப்போயிடாது” என்றார். அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய்ச் சுவரிலிருந்த வரைபடத்தைப் பிய்த்தெடுத்தான். தட்டில் கிடந்த சோற்றைப் பார்த்தும் அம்மா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏன் அப்படி முடிவு செய்தார் என்று பல வருஷம் கழித்து அப்பாவிடம் கேட்டேன். “கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அவ எதுவும் கேட்டதில்ல. அன்னிக்கும் கேக்கல. அதான்” என்றார்.

பாஸ்போர்ட்டுக்காக அப்பா பல தடவை பட்டணத்துக்கு அலைந்தார். ஒருவழியாக ஒரு மாலையில் தாம்பரத்தில் ராமேஸ்வரம் ரயில் ஏறினோம். கப்பலில் எனக்கு வாந்தி. சுங்கச் சோதனையில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியபோது அம்மா அந்தப் பச்சைப் புடவையை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதித்த பணம் மிகச் சொற்பம். இருப்பது சித்தி வீடு, சாப்பாடு சித்தி கையால் என்ற நம்பிக்கையில்தான் போனோம். மலை ரயில் வளைந்து வளைந்து ஏறி, குளிரில் எங்களை ஒரு சின்ன ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. அம்மா பிளாட்பாரத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் தேடிக்கொண்டு போனாள். சித்தியைத் தாண்டியே போய்விட்டாள். பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல், “அக்காவா?” என்றது. அம்மாவை விட ஒரு சாண் குள்ளமாக, ஒல்லியாக, அம்மாவுக்கு அக்கா என்று சொல்லும்படி வாடிய முகத்தோடு ஒருத்தி நின்றாள். பக்கத்தில் சித்தப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “எப்படித் தெரிஞ்சுது?” என்று அம்மா கேட்டாள். “டீச்சர் மாதிரி இருந்தீங்க” என்றாள் சித்தி.

அவர்கள் வீடு லயத்தில் ஓர் அறை. லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய குடியிருப்பு. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். எங்களுக்கு அந்த அறையை விட்டுவிட்டுச் சித்தியும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டில் படுத்தார்கள். சித்தி விடிவதற்குள் எழுந்து ரொட்டி தட்டிவைத்துவிட்டுக் கூடையோடு மலைக்குப் போய்விடுவாள். வேலைக்குப் போகாவிட்டால் பேர் போடமாட்டார்கள், அன்றைய கூலி போய்விடும். சாயங்காலம் நனைந்துகொண்டு வருவாள். அரிசி ரேஷன். எங்களுக்காக அவள் அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கினாள் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, ரயிலில் பக்கத்துச் சீட்டில் அமர்ந்தவர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். சித்தி அம்மாவை நீங்க, வாங்க என்றே சொன்னாள். இதற்காகவா டில்லியை விட்டோம் என்று அண்ணன் என் காதில் முணுமுணுத்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு சாயங்காலம் நல்ல மழை. அண்ணன் ரொட்டி வேண்டாம், சோறுதான் வேண்டும் என்று அடம்பிடித்தான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “விடுதியில எங்களுக்குக் கஞ்சிதான். அதுல உப்புகூட இருக்காது. அப்பா அம்மா இருந்தும் அநாதையா, தர்மச் சோறு தின்னு வளந்தேன் நான்” என்று தொடங்கினாள். நாங்கள் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. அடுப்படியில் மாவைத் தட்டிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றுவிட்டது.

“யாரு தர்மம்?” என்றாள் சித்தி. அம்மாவுக்குப் புரியவில்லை. “ஒன் படிப்புக்கு மாசாமாசம் இங்கேருந்து பணம் போச்சு. கோவில் சாமியார் கிட்டக் குடுத்து அனுப்புனாங்க. அப்பா சம்பளம் பத்தல, அம்மா சம்பளமும் பத்தலன்னு என்னையும் சின்னதுலயே கொழுந்து பறிக்கப் போட்டாங்க. நான் பள்ளிக்கூடத்து வாசல மிதிச்சதில்ல. அக்கா படிச்சு டீச்சரா வருவா, வந்து நம்மளக் கூட்டிட்டுப் போவான்னு சொல்லிச் சொல்லித்தான் அம்மா செத்துச்சு. நீ தர்மச் சோறு தின்னேங்கிற!”

நீங்க என்பது நீ ஆகிவிட்டதை நான் கவனித்தேன். விடுதியில் அம்மாவிடம் யாரும் இதைச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. முப்பது வருஷமாக அவள் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் ஒரே நிமிஷத்தில் இல்லாமல் போயிற்று. யாரும் வேண்டாமென்று விட்டுப்போன பிள்ளை அல்ல அவள். மூன்று பேர் மழையில் நின்று படிக்கவைத்த பிள்ளை. அதை ஏற்றுக்கொள்வது சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்? அம்மாவின் முகத்தில் அன்று நான் பார்த்தது சந்தோஷம் அல்ல. அப்பா அண்ணனைப் பார்த்து, “ரொட்டியைத் தின்னு” என்றார். அவன் தின்றான்.

மறுநாள் காலையில் சித்தி கூடையை எடுத்தபோது அம்மாவும் எழுந்தாள். “நானும் வரேன்” என்றாள். சித்தி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். “அங்க வெளியாளுங்க வரக் கூடாது. மழை வேற. ஒனக்கு அங்க என்ன வேலை?” “எனக்கு வேலை ஒண்ணுமில்ல. சும்மா நிக்கறேன்” என்றாள் அம்மா. தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு போனவள், தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்க விடாததால், மேலே பாதை ஓரத்திலேயே நாள் முழுக்க நின்றிருக்கிறாள். தங்கை எந்த நிரையில் போகிறாளோ அதற்கு நேராக அவளும் மேலே நகர்ந்திருக்கிறாள். இதைச் சித்தப்பா பின்னால் எங்களுக்குச் சொன்னார். சாப்பிடக்கூட அம்மா இறங்கி வரவில்லையாம்.

சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அம்மாவின் கால்களில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மழைநேரத்து அட்டைகள் விரலிடுக்கிலும் கணுக்காலிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்க்கவே பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி உப்பை எடுத்துவந்து அவள் எதிரில் உட்கார்ந்து, அந்தக் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உதிர்த்தாள். “டீச்சரு காலு எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாரு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாங்கள் வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். “அழுவாத. ரெண்டு நாளைக்கு அரிக்கும். சொறியாம இரு” என்றாள் சித்தி. நாங்கள் புறப்படும்வரை அவள் மறுபடி நீங்க என்று சொல்லவே இல்லை.

ஊருக்கு வந்தபின் தர்மச் சோறு என்ற வார்த்தையை அம்மா வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அப்பா டில்லிப் பேச்சை எடுக்கவில்லை. எழுபதுகளில் ஒரு வருஷம், தோட்டங்களில் பஞ்சம் என்று செய்தி வந்துகொண்டிருந்தபோது, சித்தியையும் சித்தப்பாவையும் இந்தியாவுக்கு அனுப்ப முடிவாகிவிட்டது. அம்மாவோடு நானும் ராமேஸ்வரம் போனேன். கப்பலிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கினார்கள். எத்தனையோ பேர் அழுதுகொண்டு வந்தார்கள். இந்தத் தடவை அம்மா தங்கையைத் தூரத்திலேயே கண்டுகொண்டு ஓடினாள். தலையில் மூட்டையோடு நின்ற சித்தி மணலையும் கட்டிடங்களையும் சுற்றிப் பார்த்தாள். “அக்கா, இதுதான் நம்ம நாடா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அம்மா, “ஆமா” என்று சொல்லி, மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

அவர்களைத் தாம்பரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டுமென்று அம்மாவுக்கு ஆசை. அப்பாவும் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இறக்க ஏற்பாடு செய்தார். சித்தி சில வாரங்கள் இருந்தாள். வெயிலும் புழுக்கமும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை தருகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டாள். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “ஒன் பக்கத்துலயே இருக்கணும்னு ஆசைதான் அக்கா. ஆனா இங்க நான் யாரு? டீச்சரம்மா தங்கச்சி. அங்க போனா எனக்குன்னு ஒரு வேலை இருக்கு” என்றாள். அம்மா அதற்குமேல் தடுக்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் அப்பாவின் பாஸில் நாங்கள் நீலகிரிக்குத்தான் போனோம். வேறெங்கும் போகவில்லை. வருஷா வருஷம் மலைக்குப் போகிற வசதியான குடும்பம் என்று எங்கள் தெருவில் நினைத்துக்கொண்டார்கள். அப்பா டில்லியைப் பார்க்காமலேயே காலமானார். பிறகு அம்மா. கடைசியாகச் சித்தி, தன் மலையிலேயே.

இப்போது சிறுசேரியில் வேலை பார்க்கும் என் மகன், வீட்டுக்கடன் போக மிஞ்சியதில் சிங்கப்பூர் போவதா, காஷ்மீர் போவதா என்று மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறான். இரண்டும் சேர்ந்து கட்டுப்படியாகாது என்று அவனுக்கும் தெரிகிறது. நேற்று என்னிடம், “அம்மா, நீங்க சின்ன வயசுலயே ஃபாரின் போயிருக்கீங்களே, அங்க என்னெல்லாம் பாத்தீங்க?” என்று கேட்டான்.

யோசித்துப் பார்த்தேன். கொழும்புக்கு நாங்கள் போகவில்லை. கண்டிக்கும் போகவில்லை. ரயில் ஜன்னலில் ஓர் அருவி தெரிந்தது, அதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

“என் சித்தியைப் பாத்தோம்” என்றேன்.