சங்கு அக்கா கடல் பக்கம் கொட்டிய மலை

எங்கள் ஊரில் இரண்டு விஷயத்துக்குத்தான் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஒன்று அலை. இன்னொன்று ஐஸ் அரைக்கும் அக்காவின் குரல். மீன் இறங்கும் முற்றத்தில் ஐஸ் கட்டிகளை அரவை இயந்திரத்துக்குள் தள்ளியபடி, அந்த இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசியே முற்றிய குரல் அது. ஆலைச் சங்கு ஊதியது போல இருக்கும் என்பதால் சங்கு அக்கா என்று பெயர் வைத்தார்கள். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவருடைய கணவர்தான். அதுவும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு.

கணவர் மீன் லாரி ஓட்டியவர். மலைக்கும் கடலுக்கும் நடுவே நெளிந்து போகிற எங்கள் ஒரே சாலையில் எந்தத் திருப்பத்தில் எந்த கியர் என்று தூக்கத்திலும் சொல்வார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டன. அதன்பிறகு வாரம் மூன்று தடவை நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்து, இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். வீட்டில் தண்ணீர்ப் பானை அக்காவின் காவலில் இருக்கும்.

"ஊரைச் சுத்தித் தண்ணி. எனக்கு மட்டும் அரை டம்ளர்" என்பார் லாரிக்காரர்.

"அந்த அரையும் நீங்க வாயைத் திறக்காம இருந்தாதான்" என்பார் அக்கா.

மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில், மீன் முற்றத்தை அடுத்த திருப்பத்தில் மலை இறங்கிச் சாலையில் உட்கார்ந்துகொண்டது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மின்கம்பம் ஒன்று சாய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அது லாரிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காலை. அதற்கு முந்தைய முறையும் மழையில் வண்டி வராமல் தவறிப்போயிருந்தது. கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் தொலைபேசியில் சுற்றி வளைக்கவில்லை.

"நாளைக்கு மதியத்துக்குள்ள எப்படியாவது கொண்டு வந்துடுங்க அக்கா. அதுக்கு மேல போனா நான் தைரியம் சொல்ல மாட்டேன்."

மலை விழுந்தால் மற்ற ஊர்களில் என்ன செய்வார்களோ தெரியாது. எங்கள் ஊரில் முதலில் கூட்டம் போடுவோம். படகுச் சங்கக் கட்டடத்தில் நாற்காலிகள் விரிக்கப்பட்டன. ஊர் வாட்ஸ்அப் குழுவில் மண்சரிவின் படங்கள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து விழுந்தன. யாரோ வேறு ஏதோ நாட்டில் சரிந்த மலையின் படத்தைப் போட, அதற்குத்தான் இதயங்கள் அதிகம் கிடைத்தன. நம் மலை அவ்வளவு அழகாகச் சரியவில்லை போலும்.

சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாரும் உணர்ச்சிவசப்படக் கூடாது. முதல்ல ஒரு குழு அமைக்கணும். அந்தக் குழு யார் யாருங்கறதை முடிவு பண்ண..."

"அதுக்கு ஒரு குழுவா?" என்றார் வாசலில் நின்ற சங்கு அக்கா.

செயலாளர் உட்கார்ந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

அக்கா நெடுஞ்சாலைப் பொறியாளரை அழைத்து, கைப்பேசியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். மண் அள்ளும் இயந்திரம் நகரத்துக்கும் அப்பால் இன்னொரு சரிவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது, நாளை மறுநாள்தான் வரும் என்றார் அந்தப் பெண்.

"கையால தோண்டாதீங்கன்னு சொன்னா கேப்பீங்களா?"

"மாட்டோம் மேடம்."

"அப்போ ஒழுங்காத் தோண்டுங்க. மலை ஓரத்துல கை வைக்காதீங்க, கடல் பக்கச் சுவரை ஒட்டி ஒரு ஆள் போற அளவுக்கு வழி போதும். மேல பார்க்கறதுக்குன்னே ஒரு ஆளை நிறுத்துங்க. ஒரு கல் உருண்டாலும் எல்லாரும் ஓடணும். இருட்டினா நிறுத்தணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வேலை வேண்டாம்."

நல்ல பொறியாளர். சங்கத்தில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காததற்கும் அதுதான் காரணம்.

கடல் வழி இல்லையா என்று கேட்பீர்கள். லாரிக்காரரின் தம்பி படகுக்காரர். ஊரின் படகுகளெல்லாம் அந்தத் திருப்பத்துக்கு நேர் கீழே, படகு இறக்கும் சரிவில் மேலே இழுத்துக் கட்டப்பட்டிருந்தன.

"இப்ப இறக்கினா அண்ணனை ஆஸ்பத்திரியில இல்ல, அலைக்குப் பிடிச்ச இடத்துலதான் சேர்ப்பேன்" என்றார் அவர். "நாளைக்கு அலை தணிஞ்சா நானே கொண்டு போறேன் அண்ணி. சாலை ஒரு பக்கம் இருக்கட்டும், கடல் ஒரு பக்கம் இருக்கட்டும். எது முந்துதோ அதுல போகலாம்."

ஆக, லாரிக்காரருக்கு இரண்டு வழி இருந்தது. இதை நினைவில் வையுங்கள். மாலைக்குள் ஒன்றை நாங்களே தொலைத்தோம்.

வேலைக்கு இறங்கிய பிறகுதான் ஓர் உண்மை புலப்பட்டது. ஊரில் மண்வெட்டியே இல்லை. கடலை உழுகிறவனுக்கு மண்வெட்டி எதற்கு? தேடிப் பிடித்ததில் பள்ளிக்கூடத் தோட்டத்து மண்வெட்டிகள் கொஞ்சம் கிடைத்தன. மீதிப் பேர் ஐஸ் அள்ளும் தகரக் கரண்டி, உடைந்த துடுப்பு, சோற்றுத் தட்டு என்று கையில் கிடைத்ததோடு வந்தார்கள். தையல்காரர் ஒரு டம்ளரோடு வந்தார்.

"என்னண்ணே, மலைக்கு அளவு எடுக்க வந்தீங்களா?" என்றாள் மீன் விற்கிற பெண் ஒருத்தி.

"உன் வாய்க்குத் தையல் போட வந்தேன்."

ஆனால் கூடைகள் இருந்தன. எங்கள் ஊரில் கூடைக்குப் பஞ்சமே கிடையாது. படகிலிருந்து மீன் இறக்குவது போலவே ஆட்கள் வரிசை கட்டினார்கள். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, நிற்காமல், தலையைத் திருப்பாமல். இந்த வேலை எங்கள் ரத்தத்தில் இருக்கிறது, தூங்கிக்கொண்டே செய்வோம். சேறு நிறைந்த முதல் கூடை வரிசையின் கடைசியில் நின்றவரிடம் போய்ச் சேர்ந்தது.

"அக்கா, இதை எங்க கொட்டறது?"

"இது ஒரு கேள்வியா? கடல் பக்கம் கொட்டு!"

வேறு எங்கே கொட்டுவார்கள்? மீன் குடலா, கடலுக்கு. கிழிந்த வலையா, கடலுக்கு. தேர்தல் முடிந்த மறுநாள் பதாகைகளும் கடலுக்குத்தான். சாலையோரச் சுவரைத் தாண்டி விழுந்த எதையும் எங்கள் ஊர் மறுபடி நினைத்துப் பார்த்ததில்லை. கூடை கூடையாகச் சேறு சுவரைத் தாண்டிப் போனது. கீழே எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்தாலும் மழைத் திரையில் ஒன்றும் தெரிந்திருக்காது. மேலே பார்க்க மட்டும் சலூன்காரரை நிறுத்தியிருந்தோம். வாழ்நாளெல்லாம் பிறர் தலையையே கவனித்தவர், மலையின் தலையையும் கண் எடுக்காமல் கவனித்தார்.

பிற்பகலில் மழை ஓய்ந்தது. வழி பாதிக்கு மேல் திறந்திருந்தது. அலை எப்படி என்று பார்க்கக் கீழே போன படகுக்காரர், போன வேகத்தில் திரும்பி வந்தார். முகம் பார்க்கும்படி இல்லை.

"அண்ணி, அலை தணியுது."

"நல்லதுதானே!"

"படகை எதுல இறக்கறது? இறக்குற சரிவு எங்க? நீங்க கொட்டின மலை அங்கதான் நிக்குது. என் படகு என்ன நண்டா, மண்ணைத் துளைச்சு வெளிய வர?"

வரிசை நின்றது. கூடைகள் கையில் இருந்தபடியே எல்லாரும் சுவரை எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் காலையிலிருந்து பெருமையோடு அள்ளிய மலை, படகுகளுக்கும் கடலுக்கும் நடுவே புதிதாக ஒரு சின்ன மலையாகக் குந்தியிருந்தது. ஒரு மலையை இரண்டாக்கியதுதான் எங்கள் சாதனை.

உடனே, யார் அங்கே கொட்டச் சொன்னது என்ற விசாரணை ஆரம்பித்தது. செயலாளர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக வெளிச்சம் வந்தது. "இதுக்குத்தான் குழு அமைக்கணும்னு..."

"நான்தான் சொன்னேன்" என்றார் சங்கு அக்கா. "என் வாயாலதான் சொன்னேன். திட்டறவங்க நாளைக்கு மதியத்துக்கு மேல வரிசையா வந்து திட்டுங்க, நின்னு வாங்கிக்கறேன். இப்ப கூடையை நகர்த்துங்க."

"நகர்த்தி எங்க கொட்டறது அண்ணி?" படகுக்காரருக்குக் கோபம் ஆறவில்லை. கட்டிக் கிடப்பது அவர் படகு, சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறுவது அவர் அண்ணன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். சாலையை ஒட்டி ஒரே ஒரு திறந்த வெளிதான் இருந்தது. அவருடைய ஐஸ் முற்றம். கழுவிக் கழுவி வெள்ளையாக வைத்திருக்கிற சிமெண்ட் தரை. அதில் சேற்றைக் கொட்டினால் எத்தனை நாளைக்கு ஐஸ் அரைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் ஐஸ் வாங்குகிறவர்களுக்கும் தெரியும்.

"என் முற்றத்துல கொட்டு. இயந்திரத்தை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடிடு."

வரிசை திசை மாறியது. இருட்டியதும் பொறியாளர் சொன்னபடி நிறுத்தினார்கள். அக்காவுக்கு நிறுத்த மனமில்லை. சலூன்காரர், "எனக்குக் கண்ணு தெரியல, இனி நான் பொறுப்பில்ல" என்று சொல்லி இறங்கிவிட்டதால் வேறு வழியும் இல்லை.

விடிந்ததும் மறுபடி கூடின கைகள். வெயில் ஏறுவதற்குள் வழி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. பக்கத்தில், முழங்கால் வரை சேற்றோடு, அந்த இன்னொரு சரிவை நடந்தே தாண்டி வந்திருந்த பொறியாளர். ஆனால் வழி என்றால் கால் புதைகிற சேறுதான். வீங்கின காலோடு ஒருவர் நடக்க முடியாது. ஐஸ் கட்டிகளைச் சறுக்கி இறக்கும் நீளப் பலகைகளை அதன்மேல் வரிசையாகப் போட்டு, லாரிக்காரரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டினார்கள்.

"இந்த ரோட்டுல நான் பத்து டன் மீனோட போனவன். இன்னிக்கு மீன் மாதிரி என்னையே தூக்கிட்டுப் போறீங்க" என்றார் லாரிக்காரர். பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது.

"மீன் இவ்வளவு பேசாது. வாயை மூடுங்க, தாகம் எடுக்கும்" என்றார் அக்கா. முந்தானையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தார். துடைத்த கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

தம்பி முன்னால், மூன்று பேர் சுற்றிலும். பலகை குறுகலாக இருந்ததால் அக்கா பின்னால் தனியாக வந்தார். நாற்காலி நடுவழியைத் தாண்டியிருக்கும்.

"ஓடு!" என்று கத்தினார் சலூன்காரர்.

மேலே ஒரு கல். அதன் பின்னால் இன்னும் சில. நாற்காலிக்காரர்களுக்குத் திரும்ப இடமில்லை. அவர்கள் முன்னாலேயே ஓடினார்கள். அக்காவுக்கும் நாற்காலிக்கும் நடுவே சேறு ஒரு பெருமூச்சு விட்டாற்போல இறங்கி, பலகைகளை மூடிக்கொண்டு நின்றது.

"என்னங்க!" ஊரே கேட்ட குரல் அது. ஆனால் அப்படி உடைந்து யாரும் கேட்டதில்லை.

"இருக்கேன்! உசுரோட இருக்கேன், கத்தாதே!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

அக்கா சேற்றில் கால் வைத்தார். எதிர்ப்பக்கத்தில் பொறியாளர் இரண்டு கையையும் விரித்து நின்றார். "வராதீங்க! மேல இன்னும் தொங்குது. அவரை நான் அனுப்பறேன், நீங்க பின்னால போங்க!"

அக்கா காலை உருவிக்கொண்டு பின்னால் நடந்தார். ஆம்புலன்ஸின் ஒலி திருப்பங்களில் தேய்ந்து போவதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, படகு இறக்கும் சரிவுக்கு இறங்கினார். நாங்கள் கொட்டிய மலை அங்கே காத்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்றார் தையல்காரர்.

"நாளன்னிக்கு மறுபடி இயந்திரத்துல படுக்கணும் அவர். தம்பி எத்தனை நாள் அங்க பக்கத்துல இருப்பார்? சாலை திறக்கற வரைக்கும் நான் இங்க உக்காந்து என்ன பண்ண?"

அவர் அள்ள ஆரம்பித்தார். மற்றவர்கள் வந்து வரிசை கட்டினார்கள். இந்த முறை மண் எங்கே போகிறது என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். செயலாளரும் ஒரு கூடை தூக்கினார். ஒன்றுதான், ஆனாலும் தூக்கினார்.

மதியத்துக்கு முன்பே கைப்பேசி அடித்தது. சேற்றுக் கையை இடுப்பில் துடைத்துவிட்டு எடுத்தார் அக்கா.

"ஊசி குத்தியாச்சு. இயந்திரம் ஓடுது" என்றது லாரிக்காரரின் குரல். மூச்சு இன்னும் சீராகவில்லை, ஆனால் முழு வாக்கியமாக வந்தது. "தம்பி பக்கத்துலதான் இருக்கான். நீ எப்போ வர?"

"சாயங்காலம். படகுல."

"எந்தப் படகுல? எல்லாத்தையும் நீதான் மூடி வெச்சிருக்கியாமே."

"மூடினவ திறக்க மாட்டேனா? தம்பி கிட்ட சொல்லுங்க, அவர் படகைத்தான் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிக் கைப்பேசியை வைத்துவிட்டு, அடுத்த கூடைக்குக் கை நீட்டினார்.