பரீட்சையில் ஒரு கும்பிடு

பதினொரு வருடம் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றவனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஆசை வந்தால் அதை ஆசை என்று சொல்லக்கூடாது. அரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போதே என் வலது மணிக்கட்டு தன்பாட்டில் முறுக்கும். மெட்ரோவில் இருக்கை கிடைத்தாலும் உட்காராமல் கதவோரம் போய் நிற்பேன். வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையோடு யன்னலுக்கும் கதவுக்கும் நடப்பேன். “என்னப்பா, கொஞ்சம் இருந்து சாப்பிடுங்கோவன்” என்பாள் மனைவி. இருந்தால் கால் ஆடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெரிந்த ஒருவர் ஒரு வேலை சொன்னார். சென் தெனிப் பக்கம் ஆய்வுகூடங்களுக்கு ரத்த மாதிரிகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறு நிறுவனம் அவருடையது. “பெர்மியோடை வாரும். கோடை லீவுக்கு முதல் வந்தால் இடம் இருக்கு. பிந்தினால் என்னைக் குறை சொல்லக்கூடாது” என்றார். பெர்மி என்றால் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம். ஊரில் பதினெட்டு வயதிலிருந்து ஓட்டியவன் நான். இங்கே அந்த ஓட்டத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. எல்லாம் முதலிலிருந்து.

எழுத்துப் பரீட்சை முடிந்தது. கூம்புகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து ஓட்டும் பரீட்சையும் இரண்டாம் முறையில் முடிந்தது. மிச்சம் இருந்தது வீதியில் ஓட்டிக் காட்டுவது மட்டும். அதற்காக என் பயிற்றுநர் என்னோடு மாரடித்தது கொஞ்சநஞ்சம் இல்லை. இடப்பக்கம் ஓட்டிய பழக்கத்தை மறக்கச் செய்தார். வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடிக்கும் கையை அடக்கினார். எதிரே வருபவருக்குத் தலையாட்டி வழி விடுவதைக்கூட நிறுத்த வைத்தார். ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

பரீட்சையில் நாங்கள் மோட்டார் சைக்கிளில் முன்னால் போக வேண்டும். பின்னால் காரில் பயிற்றுநரும் பரீட்சகரும் வருவார்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது காதுக்குள் கேட்கும். அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. வட்டச் சந்தியில் ஒழுங்காக நின்றேன், பாதசாரிக்கு வழி விட்டேன், கண்ணாடி பார்த்தேன். பிறகு ஒரு நேரான வீதி. வலப்பக்கம் சின்னத் தேவாலயம், வாசலில் மாதா சிலை. யாழ்ப்பாணத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் கோயிலைக் கடக்கும்போது என்ன செய்வார்கள்? வலக்கையை எடுத்து நெஞ்சைத் தொட்டுக்கொண்டு போவார்கள். பிள்ளையார் என்றாலும் மாதா என்றாலும் கை ஒரே கைதான். நானும் எடுத்தேன். வாய்க்குள் என்ன சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது: தாயே, இண்டைக்கு மட்டும்.

வேகம் கொடுக்கும் கையும் முன் பிரேக் பிடிக்கும் கையும் அதே வலக்கைதான். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. உடனே காதுக்குள் பயிற்றுநர் கத்தினார்: “நிறுத்து, வலப்பக்கம் நிறுத்து!”

கார் என் பின்னால் வந்து நின்றது. பரீட்சகர் இறங்கி ஓடி வந்தார். கண்டிப்பான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய முகம் வெளுத்திருந்தது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “நோகிறதா?” என்று கேட்டார்.

கும்பிட்டேன் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு தெரியாமல் இல்லை. வெட்கம்தான். பரீட்சை நடுவில் கையை விட்டுக் கும்பிட்டவனை ஒரேயடியாகத் தள்ளிவிடுவார், நெஞ்சுவலி வந்த வருத்தக்காரனுக்கு இரங்கி இன்னொரு நாள் தருவார் என்று அந்த ஒரு நொடியில் என் மண்டை ஓடியது. “ஓம்” என்று தலையாட்டினேன். போதாததற்கு நெஞ்சை இன்னொரு முறை பிடித்தும் காட்டினேன். என்னைப்போல் ஒரு மடையனை நான் இதுவரை கண்டதில்லை.

அவர் உடனே அவசர வண்டிக்கு அழைத்தார். சிவப்பு வண்டி வந்தது. என்னைப் படுக்க வைத்து நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். மருத்துவமனையில் மனைவியின் இலக்கத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக் கடையில் அவள் பிளவுஸ் தைக்கிறாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, சட்டையில் குண்டூசிகள் குத்தியபடி ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் இருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சுற்றி நாலு தாதிகள் நின்றார்கள். வீட்டில் சொல்வோம் என்று விட்டேன்.

வீட்டில் சொல்ல அவள் இடம் வைக்கவில்லை. கறியில் உப்பு பாதியானது. முட்டை நின்றது, பொரியல் நின்றது. உணவக முதலாளிக்கு அவளே அழைத்து மூன்று கிழமை லீவு எடுத்தாள். மரக்கறிக் கடை அண்ணை என்னைக் கண்டதும், “தம்பி, படியிலை மெல்ல ஏறும்” என்றார். லா சப்பல் முழுக்க எனக்கு நெஞ்சு வருத்தம். அடுத்த கிழமை கடிதம் வந்தது: அங்கீகரிக்கப்பட்ட வைத்தியர் ஒருவர் நான் ஓட்டத் தகுதியானவன் என்று எழுதித் தரும்வரை புதிய பரீட்சைத் திகதி இல்லை. கோடை லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. எழும்பி நடந்தால் “இருங்கோ” என்றாள். இருந்தால் கால் ஆடியது. கால் ஆடினால் அதையும் பயத்தோடு பார்த்தாள்.

வைத்தியர் வயதான பெண். வயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. அன்று என்னதான் நடந்தது?” என்று கேட்டார். மூன்று கிழமையாக அடைத்து வைத்திருந்தது அவரிடம் கொட்டிவிட்டது. தேவாலயம், மாதா, கை, எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இனிமேல் வண்டியை எடுக்கும் முன்னே கும்பிடுங்கள்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளோடு நேரே மனைவியின் கடைக்குப் போனேன். அவள் தனியாகத் தையல் மெசினில் இருந்தாள். “இஞ்சை பாரும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அண்டைக்கும் நோகேல்லை. மாதாவைக் கண்டு கும்பிட்டனான், அவ்வளவுதான்” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

மெசின் நின்றது. “மூண்டு கிழமையா ராவிலை உங்கடை மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தனான்” என்றாள். “அந்த வெள்ளைக்காரனுக்குச் சொல்லத்தான் வெக்கம். எனக்குச் சொல்லவும் வெக்கமோ?”

அவள் துணியைத் திருப்பி வைத்து மறுபடி தைக்கத் தொடங்கினாள். அன்றிலிருந்து கறியில் உப்பு பழையபடி விழுந்தது. பேச்சுத்தான் குறைந்தது.

இரண்டாம் முறையும் அதே பரீட்சகர், அதே வீதி. தேவாலயம் வந்தபோது இரண்டு கைகளாலும் கைப்பிடியை நசுக்கினேன். கை கேட்டது, கொடுக்கவில்லை. இறங்கியதும் பரீட்சகர், “இன்று உடம்பு எப்படி?” என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் அக்கறையாகக் கேட்டது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து முடிவு போனில் வந்தது. ரூ காய் வழியே சனத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். கடை வாசலில் நின்றே, “பாஸ்! பெர்மி கிடைச்சிட்டுது! வாற திங்கள் வேலை!” என்று கத்தினேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். “உண்மையோ?” என்று கேட்டாள்.

வேறு எவர் கேட்டிருந்தாலும் அது சந்தோசத்தில் கேட்கும் கேள்வி. அவள் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் உண்மையாகவே ஏதோ இழுத்தது. ஓம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். முதலில் என் பெயரைப் பார்த்தாள், பிறகு பிறந்த திகதி, பிறகு பிரெஞ்சு வரிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். நான் வாசல்படியில் ஆடாமல் அசையாமல் நின்றேன்.

“சரி, இப்ப நம்புறன்” என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்தாள்.