மீன் பெட்டியில் அப்பாவின் மருந்து

தொண்டைப் புற்றுநோய் முற்றி, அப்பாவுக்குத் தண்ணீர்கூட இறங்காமல் போனது. வலி மாத்திரையைப் பொடித்தேன், கரைத்தேன், எல்லா வித்தையும் காட்டினேன். எல்லாம் வெளியே வந்துவிட்டது. செங்கல்பட்டில் டாக்டர் வேறு மருந்து எழுதினார். நர்ஸம்மா மருந்து அட்டையை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு மருந்தும் விரல்நுனி அளவில், மெழுகில் செய்ததுபோல் இருந்தது.

"வாயால முடியலன்னா பின்னாடி, ஆசனவாயில வெக்கலாம்மா. உள்ள கரைஞ்சி வலி அடங்கும். வெயில்ல வெச்சிடாத, உருகிடும்."

என்னிடம் ஃப்ரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்தேன். எங்கே வைக்கிற மருந்து என்று தெரிந்ததுமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"பால் பக்கத்துல இதுவா? இன்னா நெனச்சிகினு கீற நீ?"

போனால் போகட்டும் என்று விட்டேன். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவளுக்கு ஐஸுக்கா பஞ்சம்? டிபன் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, ஐஸ் பெட்டி ஓரத்தில் வைத்தேன். வாடிக்கையாக வருகிறவர் ஒருத்தர் அதில் என்ன என்று கேட்டார்.

"எங்க நைனாவுக்குப் பின்னாடி வெக்கிற மருந்து. உனுக்கு வஞ்சிரம் வேணுமா, வாணாவா?"

வாங்காமல் போனார். அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வீட்டில்தான் பெரிய சண்டை. செய்யூரிலிருந்து அப்பாவின் அக்கா வந்திருந்தார். "பெத்த அப்பனுக்குப் பொட்டப்புள்ள இத செய்வாளா? மானம் போவுது. ஆம்பளப் புள்ள வரட்டும்" என்றார். என் தம்பி வெளியூரிலிருந்து வர இன்னும் மூன்று நாள் இருந்தது. அப்பாவும் அத்தை பேச்சைக் கேட்டுக்கொண்டு, வேட்டியை இறுக்கிப் பிடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வலியில் உடம்பு உதறியது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அம்மா போன பின்னாடி எனுக்குக் கால் கழுவிவுட்டது யாரு நைனா? நீதான? அப்ப போவாத மானம் இப்ப எப்டி போவும்?"

அப்பாவுக்குக் குரல் போய் ரொம்ப நாளாகியிருந்தது. திரும்பி அத்தையைப் பார்த்தார். விரலை நீட்டி வாசலைக் காட்டினார். அத்தை முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். அதன் பிறகு அப்பாவே வேட்டியிலிருந்து கையை எடுத்தார்.

அன்று மத்தியானம் அப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். தெருவுக்கே கேட்டது. நன்றாகக் கேட்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன்.